தகடூர் முதல் தருமபுரி வரை

சேலத்திலிருந்து பெங்களூர் நோக்கிப் பேருந்தில் செல்பவர்கள், தொப்பூர்க் கணவாயில் வண்டி திணறி ஏறும்போது ஒருமுறை கண்விழித்துப் பார்ப்பர். மலை முடிந்து மேட்டுநிலம் வந்ததும் மீண்டும் தலை சாய்த்துக்கொள்வர். அப்படி அவர்கள் உறக்கத்திலேயே கடந்துபோகும் ஊர்தான் தருமபுரி. குழந்தைகளுடன் ஒகேனக்கல் அருவிக்குச் செல்வோரும் இவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கித் தேநீர் அருந்திவிட்டு, பென்னாகரம் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பதோடு சரி. ஊருக்குள் சென்று பார்க்க என்ன இருக்கிறது என்பதே பலருடைய எண்ணம்.

அன்பு வாசகர்களே! அந்த எண்ணம் எனக்கும் நெடுநாள் இருந்தது. தருமபுரி என்றவுடன் வறண்ட பூமி, கறை படிந்த பற்கள், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலை தேடிப் போகும் குடும்பங்கள் என்றே செய்தித்தாள்கள் நமக்குப் பழக்கிவிட்டன. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுவரும் ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மதுரை, காஞ்சி, உறையூர், கரூர் என்று விரல்விட்டுச் சொல்லும் அந்த வரிசையில் தகடூருக்கும் இடமுண்டு. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

நிர்வாக வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆகவே பழைய நூல்களில் தருமபுரி மாவட்டம் என்று படிக்கும்போது ஒசூரும் கிருஷ்ணகிரியும் அதில் அடங்கியிருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதியமானின் தலைநகர்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த நெல்லிக்கனிக் கதையை மறந்தவர் இருக்க முடியாது. உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று தன் கைக்குக் கிடைத்தபோது, அதைத் தான் உண்ணாமல் புலவர் ஒளவைக்குக் கொடுத்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. நாட்டை ஆளும் தன்னைவிட நாவன்மை படைத்த ஒரு பெண்பாற் புலவர் நீடு வாழ்வதே நன்று என அவன் கருதினான். அவன் அரசிருந்த ஊர் தகடூர். தொண்டைமானிடம் ஒளவை தூது சென்று, அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி மெருகு குலையாமல் இருப்பதையும், அதியமானின் வேல்களோ ஓயாத போரினால் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பேசிய நயத்தைப் புறநானூறு காத்துவைத்திருக்கிறது. கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தோர் அதியமானின் முன்னோர் என்ற செய்தியும் அதே நூலில் உண்டு. நம் வீடுகளில் பெருநாள் காலையில் பாயசத்திற்கு வெல்லம் இடிக்கும்போது இதை யார் நினைக்கிறோம்?

அந்தத் தகடூர் அழிந்த கதையும் இலக்கியத்தில் உள்ளது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படையுடன் வந்து தகடூரை முற்றுகையிட்டு வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடுகிறது. இந்தப் போரையே பொருளாகக் கொண்டு ‘தகடூர் யாத்திரை’ என்ற தனி நூல் ஒன்றும் இருந்தது. அது முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத் தொகைநூல் ஒன்றிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சின. ஒரு நகரத்தின் வீழ்ச்சிக்கென்றே எழுதப்பட்ட நூலும் வீழ்ந்துபோனது!

இவையெல்லாம் புலவர்களின் புனைவுகள் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குக் கல்லே விடை சொல்லிற்று. பேரரசர் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தெற்கத்திய அரசர்களைச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என வரிசைப்படுத்துகிறார். இவர்களுள் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது. ஒருவர் துளுநாடு என்றார். மற்றொருவர் காஞ்சி என்றார். 1981-ஆம் ஆண்டு திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், துறவியர் தங்கிய குகையொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் இது என்பது அந்த ஒற்றை வரியின் பொருள். அசோகர் சொன்ன பெயரும் ஒளவை பாடிய பெயரும் ஒரே வரியில் அருகருகே நின்றன. ஆராய்ச்சி உலகில் இப்படிப்பட்ட நாள்கள் மிக அரிதாகவே வாய்க்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கும் ஒரு கல்

என்னை அதியமானைக் காட்டிலும் அதிகமாகக் கவர்ந்தது வேறொரு கல். அதியமான் மரபினர் சங்க காலத்தோடு மறைந்துவிடவில்லை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் விடுகாதழகிய பெருமாள் போன்றோர் சோழப் பேரரசுக்குக் கீழ்ச் சிற்றரசர்களாகத் தகடூரிலிருந்து ஆண்டனர். அக்காலத்தில் இவ்வட்டாரத்தின் வழியே சென்ற நெடுஞ்சாலைக்கு ‘அதியமான் பெருவழி’ என்று பெயர். வணிகர்கள் பொதிமாடுகளுடன் நடந்த வழி அது. அதன் ஓரத்தில் நடப்பட்ட தொலைவுக் கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, நாவல்தாவளம் என்ற இடத்திற்கு 29 காதம் என்று அறிவிக்கிறது.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? அந்த 29 என்ற எண் தமிழ் எண் குறியால் வெட்டப்பட்டிருப்பதோடு நில்லாமல், குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. இரண்டு பெரிய குழிகள் இருபதுக்கு. ஒன்பது சிறு குழிகள் ஒன்பதுக்கு. எழுத்தறியாத மாட்டுக்காரனும், வேற்று மொழி பேசும் வணிகனும், அந்தி இருளில் வந்து சேர்ந்தவனும் கல்லின் மீது விரலை வைத்துத் தடவி எண்ணிக்கொள்ளலாம். இன்றைய நெடுஞ்சாலைகளில் மூன்று மொழிகளில் பலகைகள் வைத்திருக்கிறோம். எந்த மொழியும் படிக்கத் தெரியாதவனைப் பற்றி யாரேனும் சிந்தித்தார்களா? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் ஒருவர் சிந்தித்திருக்கிறார்.

கற்களைப் பற்றிச் சொல்லும்போது நடுகற்களை விட்டுவிட முடியாது. தருமபுரி மண் நடுகற்களின் பூமி. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன், ஊரைக் காக்க எதிர்நின்று வீழ்ந்தவன் ஆகியோரின் உருவத்தைக் கல்லில் வெட்டி, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் யாருடைய மகன் எதற்காக மாண்டான் என்று பொறித்து வைத்தார்கள். பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர் எனப் பல ஆட்சிகளின் பெயர்கள் இக்கற்களில் வருகின்றன. அரண்மனைக் கல்வெட்டுகள் அரசர்களைப் பேசும்; இவையோ மாடு மேய்த்தவனைப் பேசுகின்றன. தருமபுரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அமைத்துள்ள அகழ்வைப்பகத்தில் இத்தகைய நடுகற்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. பெரிய கட்டடம், பளிங்குத் தரை என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். கல்லைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

நகரின் ஒரு பகுதிக்கு இன்றும் கோட்டை என்றே பெயர். கோட்டை மதில்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெயரும் உள்ளிருந்த பழைய ஆலயங்களும்தான் எஞ்சியிருக்கின்றன. கோட்டைக் கோயில் எனப்படும் மல்லிகார்ச்சுனர் ஆலயமும் காமாட்சியம்மன் ஆலயமும் நுளம்பர் காலக் கலைமரபைத் தாங்கி நிற்பவை. நுளம்பர்கள் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியில் ஆட்சி செய்த கன்னட மரபினர். ஆலயத்தின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள சிறு சிறு புடைப்புச் சிற்பங்களின் நுட்பத்தைக் கலை வரலாற்றினர் வியந்து எழுதியுள்ளனர். இந்தக் கோட்டை கடப்பை நவாபின் கையிலும், பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் கையிலும் பல்லாண்டுகள் இருந்தது. ஆலயங்கள் அதற்கு முன்னும் இருந்தன, பின்னும் இருக்கின்றன. இதைச் சொல்வதற்கு எனக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

நகருக்குத் தெற்கே சேலம் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் அதியமான்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் ஆலய மண்டபத்தின் விதானத்தில் பழங்கால ஓவியங்கள் உள்ளன. அதியமானுக்கும் ஒளவைக்கும் சிலைகளுடன் கூடிய அதியமான் கோட்டமும் அங்கேதான் எழுப்பப்பட்டது.

பாராமஹால்

இப்போது நம் பாட்டனார் காலத்துப் பேச்சில் அடிபட்ட ஒரு பெயருக்கு வருவோம். பாராமஹால்! பாரா என்பது பன்னிரண்டு. மஹால் என்பது வருவாய்க்காக வகுக்கப்பட்ட நிலப்பகுதி. கிருஷ்ணகிரியைச் சுற்றியிருந்த பன்னிரண்டு கோட்டைகளை வைத்து இப்பெயர் வந்தது என்பர். அந்தப் பன்னிரண்டு எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பர். அதில் நாம் தலையிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடப்பை நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்த இப்பகுதி, 1760-ஐ ஒட்டி ஹைதர் அலியின் வசமாயிற்று.

அன்று தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு இம்மண் அமைதியைக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும். மைசூரிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் பல இங்கே இருந்தன. ஆகவே மேலே உள்ளவன் கீழே இறங்குவதற்கும், கீழே உள்ளவன் மேலே ஏறுவதற்கும் இதுவே வாசற்படி. 1768-இல் கர்னல் உட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை தருமபுரியையும் அண்டைக் கோட்டைகளையும் பிடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஹைதர் அவற்றை மீட்டுக்கொண்டார். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 அக்டோபர் இறுதியில், கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைத் தாக்கி ஏறினார். உள்ளிருந்த காவற்படையினரில் பெரும்பாலோர் அன்று வெட்டுண்டு மாய்ந்தனர். ஒகேனக்கல் செல்லும் வழியில் பென்னாகரத்தைக் கடக்கும்போது, பெயர்கூடத் தெரியாத அந்த வீரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நடுகல் நட்டவர் எவருமில்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க நேர்ந்தது. அத்தொகை கட்டி முடியும் வரை பிணையாகத் தம் இரு பிள்ளைகளை, ஏறத்தாழப் பத்தும் எட்டும் வயதுடைய சிறுவர்களை, ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவர்கள் 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர். இந்தப் பிள்ளைகளின் கதையை நம்மில் பலர் அறிவோம், படமாகவும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த உடன்படிக்கையில் கைமாறிய நிலங்களுள் தருமபுரியும் ஒன்று என்பதைச் சேர்த்து நினைப்பவர் குறைவு. பாராமஹாலும் சேலமும் அன்றுதான் கும்பெனியார் கைக்குப் போயின. அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1799 மே 4-இல், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலருகே சுல்தான் ஷஹீதானார்.

இம்மாவட்டத்து முஸ்லிம் இல்லங்களில் பலவற்றில் இன்றும் தக்னி உருது பேசப்படுகிறது. பிள்ளைகள் வீட்டில் உருதும், பள்ளியில் தமிழும், கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்கின்றனர். தக்காணத்து அரசுகளின் படைகளோடும் வணிகத்தோடும் வந்து தங்கிய மூதாதையரின் சுவடு அது. தென்கடலோரத்து மரைக்காயர்களையும் ராவுத்தர்களையும் மட்டுமே அறிந்த நம் வாசகர்கள், இம்மேட்டுநிலத்து உறவினர்களையும் அறிந்துகொள்வது நல்லது.

மன்றோவின் தூண்

நகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. சர் தாமஸ் மன்றோ வாழ்ந்த இடத்தை நினைவூட்டும் தூண் அது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761-இல் பிறந்த மன்றோ, 1780-இல் ஒரு காலாட்படைக் கேடட்டாகச் சென்னை வந்திறங்கினார். ஹைதருக்கும் திப்புவுக்கும் எதிரான போர்களில் ஈடுபட்டவர். பாராமஹால் கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரை நிர்வாகத்திற்கு நியமித்தனர். அவருக்கு உதவியாக வந்த மூவருள் ஒருவரான மன்றோ, 1792 முதல் 1799 வரை தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகச் சென்று வயல்களை அளந்து, குடியானவர்களோடு பேசித் தீர்வையை நிர்ணயித்தார். ஜமீன்தாரோ பாளையக்காரரோ இடையில் நில்லாமல், உழுகின்றவனே நேராக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் அதுவே நடைமுறையாயிற்று. உங்கள் நிலத்தின் பட்டா உங்கள் பெயரிலேயே இருப்பதன் வேர், இந்தச் சிற்றூரில் ஓர் இளைஞர் குதிரைமேல் அலைந்த ஏழாண்டுகளில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு, அமில்தார்கள் மூலம் உழவரிடமிருந்து நேராக வசூலிக்கும் போக்கைத் திப்பு சுல்தானே தம் நாட்டில் முன்னெடுத்திருந்தார். ரீடும் மன்றோவும் வந்தபோது வெற்றுப் பலகையில் எழுதவில்லை. சுல்தானின் கணக்கர்கள் விட்டுச்சென்ற கணக்குகளின் மேல்தான் எழுதினர். மன்றோ உழவர் மீது பரிவு கொண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கும்பெனியின் ஊழியர். தீர்வைச் சுமை கனமாகவே இருந்தது. 1807-இல் அவரே, வேறொரு பகுதியின் கலெக்டராக இருந்தபோது, தீர்வையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். மேலிடம் அப்போது அதை ஏற்கவில்லை. ‘மன்றோலப்பா’ என்று ஆந்திர நாட்டில் பிள்ளைகளுக்குப் பெயரிடும் அளவுக்கு மக்கள் அவரை நேசித்தனர் என்பதையும், அதே மக்கள் வரி கட்ட முடியாமல் தவித்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர் மன்றோ. இளம் படை அதிகாரியாக இருந்தபோது, பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து ஒரு கதையை மொழிபெயர்த்தார். கடனுக்கு ஈடாக உடற்சதையைக் கேட்ட வழக்கில் ஹிம்ஸ் நகரத்துக் காஜி அளித்த தீர்ப்பைப் பற்றிய கதை அது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வரும் ஷைலக்கின் வழக்கோடு அது ஒத்திருந்ததால், அந்நாடகங்களைப் பதிப்பித்த மலோன் என்ற அறிஞர் தம் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

தருமபுரியில் தாம் வைத்து வளர்த்த தோட்டத்தைப் பிரிய மன்றோவுக்கு மனமில்லை என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. 1820-இல் சென்னை ஆளுநராகி, 1827 ஜூலை 6-இல் பத்திக்கொண்டா என்னுமிடத்தில் வாந்திபேதியால் இறந்தார். சென்னைத் தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையை அறியாதவர் இல்லை. அவர் மனம் தங்கிய ஊரின் தூணை அறிந்தவர்தாம் அரிது.

பெட்டியில் இருக்கும் வரலாறு

சகோதரிகளே! உங்கள் வீட்டில் பழைய பத்திரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். கிஸ்து ரசீதிலோ அடங்கல் நகலிலோ ‘பசலி’ என்று ஓர் ஆண்டுக் கணக்கு இருக்கும். ஃபஸ்ல் என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. அதனால்தான் நம் ரமளான் ஒருகாலத்தில் மாம்பழப் பருவத்திலும் மற்றொருகாலத்தில் ஐப்பசி மழையிலும் வருகிறது. வணக்கத்திற்கு அது அருள். ஆனால் நில வரிக்கு? அறுவடை ஆகுமுன் வரி கேட்டால் குடியானவன் என்ன செய்வான்? ஆகவே முகலாயர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணிலிருந்தே கிளைத்து, அறுவடையை ஒட்டிச் சூரிய ஆண்டாக நடக்கும் பசலி உண்டாக்கப்பட்டது. தமிழகத்தில் அது ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. அன்றைய ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைத்துவிடும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435.

கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூடும் ஜமாபந்தி, அங்கு அமரும் தாசில்தார், அவருடைய தாலுகா, முன்பு ஜில்லா என்றழைத்த மாவட்டம், கட்ட வேண்டிய பாக்கி, செய்யப்படும் வசூல், கட்டாவிட்டால் ஜப்தி, நீதிமன்றத்தில் வக்கீல், ஜாமீன், ஆஜர் — இச்சொற்கள் எல்லாம் அரபியும் பாரசீகமும் தந்தவை. அவற்றைப் பேசும் வாய்கள் தமிழ் வாய்கள். தருமபுரிக் கோட்டையின் மதில் போய்விட்டது; அக்கோட்டைக்குள் அமர்ந்து கணக்கெழுதியவர்களின் சொற்கள் போகவில்லை. பிறந்த வீட்டின் சொத்தில் தம் பங்கு என்னவென்று அறியாத பெண்கள் இன்றும் நம்மிடையே பலர். இந்த ஏட்டுச் சொற்களைப் படித்தறிவது அவர்களுக்கு வெறும் வரலாற்றுப் பாடம் அன்று.

வந்து போன ரயில்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம், அன்றைய சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. தானியம் இருந்த இடத்திலிருந்து பசித்த வாய்களுக்குக் கொண்டு சேர்க்க வழியில்லாமல் மாண்டோர் பலர். அந்த அனுபவத்திற்குப் பிறகு எழுந்த பஞ்சத் தடுப்புத் திட்டங்களுள் ஒன்றாக, சென்னை இருப்புப்பாதையிலுள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய அகலப் பாதை போடப்பட்டது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் சின்னஞ்சிறு வண்டி ஓடியது. 1913-இல் அது ஒசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. இரும்பு போருக்குப் போயிற்று. மொரப்பூர் மக்கள் மீண்டும் மாட்டுவண்டிக்குப் போயினர். பின்னர் சேலம் – பெங்களூர்ப் பாதை தருமபுரி வழியே வந்தது. ஆனால் பழைய மொரப்பூர் இணைப்பு மீளவில்லை. 36 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைப் புதிதாக அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது.

தண்ணீரும் தழும்பும்

ஊரைச் சுற்றி ராமாக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி, அதியமான்கோட்டை ஏரி என்று ஏரிகளுக்குக் குறைவில்லை. மழைதான் குறைவு. ஏரி வறண்டபோது மக்கள் ஆழ்துளைக் கிணற்றை நாடினர். இம்மண்ணின் பாறைகளில் புளூரைடு உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீரில் அது அளவுக்கு மீறிக் கரைந்து வந்தது. பால்பற்கள் விழுந்து முளைக்கும் பற்களில் பழுப்புக் கறை. முதுமைக்கு முன்பே மூட்டுகளில் இறுக்கம். இந்தக் கறை பிடித்த பற்களைக் காட்டச் சங்கடப்பட்டுக் கைக்குட்டையால் வாய் மூடிச் சிரித்த பெண்களைக் கண்டவர்களுக்குத்தான் அதன் வேதனை புரியும். காவிரியோ ஐம்பது கிலோமீட்டருக்குள்ளாகவே ஒகேனக்கல்லில் பாறைகளைப் புகையவைத்துக்கொண்டு விழுகிறது! அங்கிருந்து நீர் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் தணிப்புத் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அதன்வழி ஆற்றுநீர் வந்தது. இந்த மாவட்டத்தின் சின்னங்களுள் ஒன்றாக நான் அந்தக் குழாயையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

ஒரு நகரத்தைப் பற்றி எழுதும்போது அதன் தழும்புகளை மறைப்பது நேர்மையாகாது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்கு இலக்கியம்பட்டியில் அரசியல் வெறியர்கள் தீ வைத்தனர். மூன்று மாணவியர் கருகி மாண்டனர். 2012 நவம்பரில், காதல் மணம் ஒன்றைக் காரணமாக்கி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. நடுகல் நட்ட மண்ணில் இவற்றுக்கு எந்தக் கல்லில் எதை எழுதுவது?

இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்தார். சிறையில் பெற்ற தொழுநோயோடு அவர் ஊர் ஊராக அலைந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தபோது கால்நடையாகவே நடந்தார். பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப அவர் வாங்கிய நிலத்தில் 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் சிவா அங்கேயே காலமானார். நினைவிடம் அங்குள்ளது.

அடுத்த விடுமுறையில் ஒகேனக்கல்லுக்குப் போவதாக இருந்தால், காலை எட்டு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்குச் சேலத்தை விட்டுப் புறப்படுங்கள். ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். வழியில் அதியமான்கோட்டையில் அரைமணி நேரம். நகருக்குள் கோட்டைத் தெரு, அகழ்வைப்பகம், மன்றோ தூண். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். பரிசலுக்கும் பொரித்த மீனுக்கும் நேரம் நிறைய இருக்கும். பிள்ளைகளிடம் அந்தத் தொலைவுக் கல்லின் கதையை வண்டியிலேயே சொல்லிவையுங்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. என் பேரன் அதைக் கேட்டுவிட்டு, சாலையோரக் கற்களையெல்லாம் தடவிப் பார்க்க வேண்டும் என்று பென்னாகரம் வரை வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டே வந்தான்.